கம்பளிக்குப் பதிலாக நீ அனுப்பிய பிளாஸ்டிக் ஷீட்

மகனே குமரவேலு, இதை எழுதுகிற கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, சாம்பல் வைத்துத் தேய்த்தாயிற்று, ஆற்றங்கரை மணலில் புரட்டியும் பார்த்தாயிற்று. நாற்றம் போகவில்லை. பழைய மண்ணெண்ணெயில் மருந்துக் கடைத் தைலத்தை ஊற்றி, அதில் செத்த எலியின் வாலை ஊறவைத்தால் எப்படி இருக்கும், அப்படி. காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார், கொழும்பு வரைக்கும் வந்திருக்கும். நீ அந்தத் தொழிற்சாலையிலேயே பகலெல்லாம் நிற்கிறவன், உனக்கு அது தெரியாமலும் போகலாம். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

உன் அப்பன் போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவன் என்ற உரிமையில், நீ என்னிடம் கேட்டதை முதலில் உனக்கே திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். உங்கள் முதலாளி செய்கிற பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு கட்டு நம் தேயிலைத் தோட்டத்துக்கு மாதிரிக்கு வரும். கொழுந்து பறிக்கிற பெண்கள் அதைப் போர்த்திப் பார்ப்பார்கள். நன்றாக இருக்கிறது என்று தோட்டத்தை நடத்துகிற துரைக்குத் தெரிந்தால் வருகிற வருடம் முதல் வழக்கமாகக் கொடுக்கிற மழைக் கம்பளி கிடையாது, எல்லாருக்கும் ஷீட்தான். அப்படி நடந்தால் உன்னை மலைநாட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் ஏஜென்ட் ஆக்கி ஹட்டன் கடைவீதியில் ஒரு மாடி அறையும் தருவார்கள். தையில் கல்யாணம் முடிந்ததும் நீயும் தெய்வானையும் அங்கே குடியேறலாம், அவள் மறுபடி கூடை தூக்க வேண்டாம். ஆகவே சித்தப்பா துரையிடம் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், "பொம்பளைங்களுக்கும் என்ன சொல்லணும்னு கொஞ்சம் சொல்லிக்குடுத்து வையுங்க" என்று கடைசி வரியில் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை வாசித்தபோது வெற்றிலையைத் துப்பினேன். ஆனால் துப்பிவிட்டு, சரி, பிள்ளை வாழட்டும் என்றுதான் இருந்தேன். அதையும் மறைக்கவில்லை.

என்னிடம் நீ கேட்டதில் தப்பில்லை. இந்தத் தோட்டத்தில் துரை காது கொடுத்துக் கேட்கிற ஆள் யார் என்று எடுத்தால் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, தேயிலை ஆலையைப் பார்க்கிற டீமேக்கர் ஐயா, அதற்கப்புறம் நான். சில நாளில் எனக்கு அப்புறம்தான் அவர்கள். கொழுந்து லொறிக்கு உதவியாள் என்று பெயருக்குத்தான் சொல்கிறார்கள், லொறி என் விசிலைக் கேட்டுத்தான் திரும்பும், டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மரியாதைக்கு. அக்கரப்பத்தனை ஆற்றில் துரையின் கார் இறங்கியபோது ஒற்றைக் கயிற்றில் நான் ஒருவனே இழுத்துக் கரை சேர்த்ததை இன்றைக்கும் வட்டவளை வரைக்கும் சொல்கிறார்கள். அப்போது பக்கத்தில் வேறு சிலரும் நின்றார்கள், கயிற்றைத் தொட்டுக்கொண்டு. அது வேறு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது பாதியில் எழுந்து வந்தவன்தான் நான், ஆனால் மீதிப் பாதியைப் படித்தவர்கள் என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள்.

அதனால் நீ எழுதியிருந்த விஞ்ஞானமும் எனக்கு ஒரே வாசிப்பில் பிடிபட்டுவிட்டது. கோபாலிமர் என்று பெயர் எழுதியிருந்தாய். வாத்தியாரிடம் காட்டினேன், மீசையைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தார். நான்தான் அவருக்கு விளக்கினேன். இரண்டு சரக்கு. ஒன்று தனியாக இருந்தால் விறைப்பு, இன்னொன்று தனியாக இருந்தால் கொழகொழப்பு. இரண்டையும் தேயிலைத் தூள் கலக்கிற மாதிரி சும்மா கலந்தால் போதாது, ஒரே சரட்டில் கருகமணியும் பொன்மணியும் கோர்க்கிற மாதிரிக் கோர்த்துவிட வேண்டும், அப்புறம் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய முடியாது. கருகமணி கூடினால் சரக்கு விறைக்கும், பொன்மணி கூடினால் வளையும். குளிர் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், சூடு ஒரு அளவுக்கு மேலே ஏறினால் தளர்ந்துவிடும், தளர்ந்த நேரத்தில் எப்படிப் பிடிக்கிறோமோ ஆறிய பிறகு அப்படியே நிற்கும். இதுதானே? வாத்தியார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இதை நான் உனக்கு முன்னாலேயே கண்ணால் கண்டவன். தலவாக்கலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற தேத்தண்ணிக் கடையில், கடைக்காரர் கொழும்பிலிருந்து இதே ஜாதிச் சரக்கில் செய்த புதுமாதிரிப் பாட்டுத்தட்டு ஒன்று வாங்கி வந்தார். பழைய தட்டு கீழே விழுந்தால் அப்பளம், இது விழுந்தாலும் உடையாது என்று எல்லாருக்கும் போட்டுப்போட்டுக் காட்டினார். அன்று மாலை அதைக் கொண்டுபோய் வெந்நீர்ப் பாய்லருக்கு மேல் தட்டில் சாய்த்து வைத்துவிட்டார். காலையில் பார்த்தால் தட்டு தோசைபோலத் தொங்குகிறது. அதையும் விடாமல் சுற்றவிட்டார், பாடுகிறவர் குரல் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஹட்டன் பஸ் மாதிரி ஏறி இறங்கியது. நான்தான் இரண்டு ஜன்னல் கண்ணாடிக்கு நடுவில் அதை வைத்து, வெயிலில் சூடாக்கி, மேலே படிக்கல்லை ஏற்றி, ஆறவிட்டு எடுத்துக் கொடுத்தேன். பழையபடி பாடியது, முன்னைவிட நன்றாகவே பாடியது. ஆகவே இந்தச் சரக்கோடு எனக்குப் பழைய பகை ஒன்றும் இல்லை.

கட்டு வந்து இறங்கிய அன்று நம் வீட்டு வரிசையான கடைசி லயத்து வாசலில் வைத்துப் பிரித்தோம். பிரித்ததும் அந்த வாடை எழும்பி வந்தது பார், அடுத்த அறையில் தொட்டிலில் கிடந்த குழந்தை தும்மியது. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே தொட்டுப் பார்த்தார்கள். தொட்டால் தவளைத் தோல் மாதிரி ஒரு ஈரம், ஆனால் விரலைப் பார்த்தால் ஈரமில்லை. எல்லாம் சாம்பல் நிறம், ஒன்று மட்டும் சிவப்பு ரோசாப்பூப் போட்டது, தெய்வானைக்கு என்று பெயர் ஒட்டி. பக்கத்து அறைப் பேச்சிக்கு வாய் சும்மா இருக்குமா.

"என்னடி தெய்வான, கூறைச் சேலை இப்பவே வந்திருச்சா?"

"ஆமாக்கா. ஒங்களுக்கும் ஒன்னு வந்திருக்கு பாருங்க, சாம்ப கலர்ல. ஒங்க வயசுக்கு அதுதான்."

"போடி இவளே. எம் புருசன் இத மோந்து பாத்தா வீட்டுக்குள்ள விடுவானா?"

"அவரு குடிச்சிட்டு வர்ற அன்னைக்குப் போர்த்துங்க. ரெண்டு வாடையும் ஒன்னையொன்னு தின்னுரும்."

சிரித்தார்கள். தெய்வானை அந்தப் பூப்போட்டதை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். முகம் சுளித்துக்கொண்டுதான் போனாள், ஆனால் வைத்துக்கொண்டு போனாள், நீ கொடுத்தது என்று.

மறுநாள் காலை நல்ல மழை, அதோடு திம்புள்ளப் பக்கமிருந்து ஏறி வருகிற அந்தக் காற்று. வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் ஷீட் போர்த்திய பெண்கள் நின்றார்கள். குளிரில் அது விறைத்துப்போயிற்று, கையைத் தூக்கினால் தகரக்கூரையில் ஆள் நடக்கிற சத்தம். மடித்த இடமெல்லாம் மடித்தபடியே நிற்கிறது, குனிந்தால் குனிய மாட்டேன் என்கிறது. கழுத்தில் அதன் விளிம்பு அறுத்து இரண்டு மூன்று பேருக்குச் சிவந்தே போயிற்று. சரி, மலையில் ஏறி வேலை செய்தால் உடம்புச் சூட்டுக்கு இளகும் என்றேன். இளகியது. இளகி முதுகோடு ஒட்டிக்கொண்டது. மழை உள்ளே வரவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஒரு சொட்டு வரவில்லை. உள்ளேயிருந்த வேர்வையும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மத்தியான நிறுவைக்குக் கொழுந்து மடுவத்துக்கு வந்து ஷீட்டைக் கழற்றியபோது ஒவ்வொருத்தியும் குளித்து எழுந்த மாதிரி நின்றாள். அந்தச் சூட்டுக்கு ஆசைப்பட்டு அட்டைகள் கழுத்துவரை ஏறியிருந்தன. பேச்சி தன் முதுகைக் காட்டினாள், கொழுத்த திராட்சைபோல வரிசையாகத் தொங்குகின்றன. நான் இந்த மலையில் பிறந்தவன், அட்டையைக் கண்டு முகம் திருப்பினவன் இல்லை. அன்றைக்குத் திருப்பினேன். கம்பளியும் நனையும், நனைந்தால் கழுதைச் சுமை கனக்கும், ஆட்டு நாற்றம் நாறும். ஆனால் நனைந்த கம்பளிக்குள்ளும் ஒரு கதகதப்பு இருக்கிறது, அது மூச்சுவிடுகிறது. உன்னுடையது பிணத்துக்குப் போர்த்துகிற மாதிரி மூடிக்கொள்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ நிறுத்தி வாசிக்க வேண்டும். வேலை விட்டு வந்த பெண்கள் ஈரக் கம்பளியை என்ன செய்வார்கள் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிற கயிற்றில் போடுவார்கள். நீ அந்தக் கயிற்றுக்குக் கீழே வளர்ந்தவன். கம்பளியிலிருந்து சொட்டிய தண்ணீர் உன் ரொட்டியில் விழுந்து நீ அழுத நாள் எனக்கு நினைவிருக்கிறது. "சூடு பட்டால் இளகும், அதுவே இதன் குணம்" என்று அழகாக எழுதியிருந்தாயே, அடுப்பு என்ற ஒரு சொல்லை எங்கே எழுதினாய்? உன் சித்தி பழக்கப்படி ஷீட்டைக் கயிற்றில் போட்டுவிட்டு ரொட்டி தட்ட உட்கார்ந்தாள். நான் அடுப்பு ஓரத்தில் காலைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓரம் சுருங்கியது. அப்புறம் நடுவில் வயிறு வைத்தது. அந்த வயிறு மெதுவாக, பசு ஜொள்ளு விடுகிற மாதிரி, கீழே இறங்கி இறங்கி வந்து ரொட்டிக்கல்லில் ஒரு நுனியை வைத்தது. புகை வந்தது பார், அந்தப் புகையைப் பேய் மோந்தாலும் லயத்தைவிட்டு ஓடும். இரண்டு பேரும் இருமிக்கொண்டு வாசலில் வந்து மழையில் நின்றோம். நின்று பார்த்தால் லயம் முழுக்க எல்லா வாசலிலும் ஆட்கள் இருமிக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஒங்க மகன் நமக்கு என்னதான் அனுப்புனான்?" என்று உன் சித்தி கேட்டாள்.

"நாகரிகம்" என்றேன்.

"அத ரொட்டிக்கல்லுல இருந்து நீங்களே சொரண்டி எடுங்க" என்றாள்.

சுரண்டினேன். இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கல்லில் சுட்ட ரொட்டி எதையும் நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. நாயின் முகத்தில் அப்படி ஒரு வெறுப்பை நான் இதுவரை கண்டதில்லை.

தெய்வானையின் ஷீட் அடுப்புக்குக் கொஞ்சம் எட்ட இருந்ததால் உருகவில்லை, சுருங்கி ஒரு பக்கம் குட்டையாகிப்போனது. பூவெல்லாம் கோணல். தோளில் போட்டால் இடுப்பு வரைக்கும் வரவில்லை. எறிந்திருக்கலாம். அவள் அடுத்த நாள் அதைக் கூடைக்கு மேல் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். மழைக் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு என்று மடுவத்தில் கணக்கப்பிள்ளை எடையில் எவ்வளவு வெட்டுவார் என்று நீ அறிவாய். மேலே மூடிவிட்டால் கொழுந்து நனையாது, கழிவு வெட்ட முடியாது, உன் சரக்குக்கும் ஒரு நல்ல பெயர் கிடைக்கும், இதுதான் அவள் யோசனை. யோசனை கெட்டிக்கார யோசனை, எனக்கே தோன்றாதது, தோன்றியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கூடையில் அமுக்கிக் கொழுந்தை நிறைத்து, மேலே ஷீட்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். மத்தியானத்துக்கு மேல் மழை விட்டு வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பறித்த கொழுந்துக்கும் உயிர் இருக்கிறது மகனே, அதுவும் மூச்சுவிடும், மூச்சுவிட்டால் சூடு எழும்பும். சாக்கில் அமுக்கிப் பூட்டி வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும் என்று லொறியில் ஏற்றுகிற ஆளாகிய எனக்கு இருபது வருடமாகத் தெரியும், அதனால்தான் நான் சாக்குகளைக் குத்தி அடைக்கவிடாமல் உதறி உதறி ஏற்றுவேன். உன் ஷீட் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது, வெயில் சூட்டையும் சேர்த்துக்கொண்டது. சாயங்கால நிறுவையில் அவள் கட்டை அவிழ்த்தபோது ஆவி வந்தது. மேலே பச்சை, கீழே கையை விட்டால் வேகவைத்த கீரை, நிறம் செங்கல். அந்த நாற்றம் கொழுந்திலும் ஏறியிருந்தது.

கணக்கப்பிள்ளை கூடையைத் தரையில் கவிழ்த்தார். "இது கொழுந்தா, மாட்டுக்கு வச்ச கூழா?" என்றார் எல்லார் முன்னாலும். அவளுக்கு அன்று அரைப்பேர்தான் போட்டார்கள், அரை நாள் கூலி. அவள் குனிந்து அந்தச் சிவந்த கொழுந்தைக் கையால் ஒதுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துத் துரை வந்தார். குதிரைமேல் வருகிறவர்போல ஜீப்பில் வந்து இறங்கி, தடியால் ஷீட்டைத் தொட்டுத் தூக்கிப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். என் பேச்சு தயாராக இருந்தது. கொழுந்து சிவந்தது பறித்தவள் பிழை, உருகியது உன் சித்தி பிழை, அட்டை கடவுள் செயல், ஷீட் மட்டும் சொக்கத்தங்கம் என்று சொல்வதாக இருந்தேன். நான் சொன்னால் அவர் நம்பியிருப்பார், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் துரை என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார், கூடையில் கட்டியிருந்தது அவள் ஷீட் என்பதால்.

"நீ சொல்லு. இது நல்லதா? கம்பளிக்குப் பதிலு குடுக்கலாமா?"

"ஆகாதுங்க தொரை."

கணக்கப்பிள்ளைக்கு முகம் மாறியது. "ஏ புள்ள, யோசிச்சுப் பேசு. அது ஒன் மாப்பிள்ளை சரக்கு, தெரியுமில்ல?"

"தெரியுங்க. அதுனாலதான் ரெண்டு நாளு போட்டுப் பாத்தேன். வேற ஆளோடதுன்னா மொத நாளே கழட்டி ஆத்துல விட்டிருப்பேன்." பிறகு துரையைப் பார்த்து, "காலையில வெறைக்குது, மத்தியானம் அவிக்குது, அடுப்புல காட்டுனா ஒழுகுது. மழ மட்டும் உள்ள வரல. மழ வராட்டி போதுமுங்களா? கம்பளிய நிறுத்தாதீங்க தொரை. இங்க நிக்கிற எல்லாருக்கும் அதுதான் ராவுக்குப் போர்வையும்" என்றாள்.

துரை என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற? ஒன் பையன்தானே."

அவ்வளவு பேச்சு வைத்திருந்தேன். "அந்தப் புள்ள சொன்னதுதானுங்க" என்றேன். கம்பளி கொடுப்பது நிற்காது என்று துரை அங்கேயே சொல்லிவிட்டுப் போனார். உங்கள் முதலாளிக்கும் எழுதிவிடுவார்.

இப்போது உன் முதலாளியிடம் நீ என்ன சொல்வது என்று நான் சொல்கிறேன், எழுதிக்கொள். இந்தச் சரக்கை ஆளின் மேல் போர்த்தாதே. மணியைக் கூட்டிக் குறைத்து, குளிரில் விறைக்காதபடி செய்தால் அது இன்னும் சீக்கிரம் அடுப்பில் ஒழுகும், அடுப்புக்குத் தாங்கும்படி செய்தால் பெரட்டில் இன்னும் விறைக்கும், உங்களுக்கு இரண்டு பக்கமும் இடி. உயிர் இல்லாததற்குக் கொடுங்கள். எங்கள் தகரக்கூரையில் ஓட்டை இருக்கிற இடத்தில் மிஞ்சிய துண்டைச் சொருகினேன், பத்து வருடமாகச் சொட்டிய இடம் அடைபட்டுவிட்டது. பேச்சி தன் பேரனின் தொட்டிலில் துணிக்குக் கீழே போட்டிருக்கிறாள், வாடை போக வாரம் முழுக்க வெளியில் உலர்த்திவிட்டு. விறகுக் குவியலுக்கு மூடலாம். தண்ணீர்க்குழாய் செய்யலாம், பாட்டுத்தட்டு செய்யலாம், பாய்லருக்கு மேல் வைக்காதே என்று அதில் அச்சடித்து. வேலை செய்கிற உடம்புக்கு மட்டும் வேண்டாம்.

லொறி புறப்படுமுன் அவளிடம் கேட்டேன். "ஹட்டன் மாடி வீடு போச்சே புள்ள?"

"தெரியும் மாமா."

"கூடைய எறக்கி வச்சிருக்கலாம் நீ."

"நான் எறக்கி வச்சிட்டா இவங்கெல்லாம் இதப் போர்த்திக்கிட்டு நிப்பாங்க. மாடியில இருந்து அதப் பாக்கச் சொல்றீங்களா?"

"அவன் கோவிச்சுக்குவானே."

கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். திரும்பி, "என்ன எழுதுறாருன்னு பாப்போம்" என்றாள்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம், குமரவேலு. முகூர்த்தத்தை நான் மாற்றவில்லை, அவள் வீட்டாரும் மாற்றச் சொல்லவில்லை. மாற்றுவதானால் நீதான் மாற்ற வேண்டும். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது, உன் கடிதங்களை நான்தான் அவள் வாசலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். நீ "நலம், நலமறிய ஆவல், சம்பளம் கூடியது" என்று மூன்று வரி எழுதுவாய். அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நான் என்னென்ன வாசித்தேன் தெரியுமா? கடலைப் பார்த்தால் உன் ஞாபகம், பஸ்ஸில் ஒரு பெண் சிரித்தால் உன் ஞாபகம், எல்லாம் என் கைச்சரக்கு. அவள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கேட்பாள், நானும் இன்னும் இரண்டு சேர்ப்பேன். இந்தத் தரம் சேர்க்க மாட்டேன். நீ என்ன எழுதுகிறாயோ அதைத்தான், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் விடாமல், பேச்சியும் கேட்கும்படி உரக்க வாசிக்கப் போகிறேன். உட்கார்ந்து யோசித்து எழுது.

உன் சித்தப்பன்